ரேடியேட்டர் ஒழுகுகிறது: ஒட்டுவதா, கோர் மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

வண்டி நின்ற இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு சின்னக் குட்டை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். ஒரு மெக்கானிக் "ஒட்டிவிடலாம்" என்கிறார், இன்னொருவர் "கோரை மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார் (கோர் என்றால் ரேடியேட்டரின் நடுப்பகுதி: கூலண்ட் ஓடும் டியூப்களும், அவற்றின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய ஃபின் தகடுகளும்), மூன்றாமவர் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், தலைவலி விட்டது" என்கிறார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். எங்கே ஒழுகுகிறது, அந்த ரேடியேட்டர் எதனால் செய்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். விலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. கோளாறு ரேடியேட்டரில்தானா? இதை அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஒருமுறை அவசரப்பட்டுப் புது ரேடியேட்டர் போட்டேன், இரண்டாம் நாளே டேஷ்போர்டில் ஊசி மறுபடியும் சிவப்பைத் தொட்டது. கடைசியில் பார்த்தால் ஃபேனின் ரிலே, அதாவது அதற்கு மின்சாரம் விடும் சுவிட்ச், செத்துப்போயிருந்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்: சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் வண்டி ஹீட் ஆனது, ஓடத் தொடங்கியதும் ஊசி இறங்கிவிட்டது. நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் வண்டி ஓரளவு வேகம் எடுத்துவிட்டால் எதிர்காற்றே போதும், ஃபேனுக்கு அநேகமாக வேலையில்லை. இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தாலோ மேடு ஏறினாலோ மட்டும் சூடேறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வெளியே ஃபின்களுக்கு நடுவில் தூசியும் பூச்சியும் அப்பியிருக்கின்றன. ஏசி உள்ள வண்டியில் கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும், அந்த இடைவெளிக்குள் சருகும் மண்ணும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். கழற்றாமல் தெரியாது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூடி திறந்த ரேடியேட்டரில் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள், சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்) குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்புண்டு. அப்போது எந்த ரேடியேட்டரை வாங்கிப் போட்டாலும் பணம் தண்டம். ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதீர்கள். அது வெறும் மூடி இல்லை, அழுத்த வால்வு. பெரும்பாலான கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை, அதாவது ஏறத்தாழ 13 முதல் 16 பி.எஸ்.ஐ வரை, தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு பி.எஸ்.ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது என்பதால், ரப்பர் கெட்டுப்போன ஒரு மூடி அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பை மொத்தமாகச் சாப்பிட்டுவிடும். முழு செட்டிலும் விலை குறைந்த பொருள் இதுதான், கடைசியாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கக் கையால் அடிக்கிற பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் போதும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கேயோ போகிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள். வாட்டர் பம்ப்பின் கீழ்த் துளை, ஹோஸ் கிளாம்ப், ஹீட்டர் குழாய் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ரேடியேட்டருக்கு வர வேண்டும். காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ கோடு போட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பெரும்பாலும் திருடன் அகப்படுவான்.

சரி, ரேடியேட்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது அது எந்த ஜாதி என்று பாருங்கள்.

மூன்று வகை, மூன்று குணம்

பழைய கார்கள், டிராக்டர்கள், பழைய லாரிகள், ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் இருப்பது செம்பு-பித்தளை. டியூபும் டேங்கும் பித்தளை, ஃபின் செம்பு, எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாமே அலுமினியக் கோர், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். பிளாஸ்டிக் என்றால் வாளி பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி இழை கலந்த நைலான். நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் வைத்து, அலுமினியத் தகட்டின் பற்களை மடக்கி டேங்கைக் கவ்வியிருப்பார்கள். மூன்றாவது, டேங்கும் அலுமினியமாகவே வெல்டிங் செய்த முழு அலுமினியம். ரேஸ், ஆஃப்-ரோடு, எஞ்சினை மாற்றிப் பவர் ஏற்றிய வண்டிகள் என்று அதற்குத் தனிக் கூட்டம் உண்டு.

"செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்துமே, பிறகு ஏன் மாற்றினார்கள்?" என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. மீட்டர்-கெல்வினுக்கு செம்பு 400 வாட்டுக்குப் பக்கத்தில் கடத்தும், அலுமினியம் 235 அளவில்தான். ஆனால் செம்பு ரேடியேட்டரில் சூடு செம்பை மட்டும் தாண்டிப் போவதில்லை. முதலில் பித்தளை டியூப், அது அலுமினியத்தில் பாதிதான் கடத்தும். பிறகு ஈயப் பற்று, அது அதைவிட மோசம். அலுமினியக் கோரிலோ டியூபையும் ஃபினையும் ஒன்றாக அடுக்கி ஏறத்தாழ 600 டிகிரி உலையில் வைத்து ஒட்டவைத்துவிடுகிறார்கள், நடுவில் ஈயத் தடையே கிடையாது. டியூபையும் அகலமாகச் செய்யலாம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, செம்பு கிட்டத்தட்ட 9, எடை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே நல்ல அலுமினிய ரேடியேட்டர் செம்புக்குச் சளைத்ததில்லை. பழுதுபார்க்க உட்காரும்போதுதான் செம்பின் அருமை தெரியும்.

செம்பு-பித்தளை என்றால் என் பதில் கொஞ்சமும் தயங்காமல்: பழுதுபாருங்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், அதனால் தெரிந்த கைக்கு ஒரு டார்ச்சும் பற்றும் போதும், ஓட்டையை மூடிவிடலாம். அடைப்பு என்றால் மேல் டேங்கைப் பிரித்து, ஒவ்வொரு டியூபிலும் மெல்லிய கம்பித் தகடு விட்டுக் குத்தி உப்பை எடுத்துவிட்டு, டேங்கை மறுபடியும் பற்றவைக்கலாம். ஃபின்கள் பச்சைப் பூத்து விரலால் தொட்டாலே உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டால்தான் புதுக் கோர் தேவைப்படும், அப்போதும் பழைய டேங்குகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டே போகலாம் என்பதால்தான் பழைய வண்டிக்காரர்கள் பித்தளை டேங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரே குறை, இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பிளாஸ்டிக் டேங்க் வைத்ததில் கதை வேறு. டேங்கின் கழுத்தில், அதாவது ஹோஸ் மாட்டும் குழாயின் அடியில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் அந்த நைலான் சூட்டிலும் குளிரிலும் வருஷக்கணக்காக அலைபட்டு மொறுமொறுப்பாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு விரிசலை எபாக்ஸி போட்டு மூடினாலும் அதே வயதுள்ள மற்ற இடங்கள் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். எபாக்ஸி நைலானோடு உண்மையில் ஒட்டிக்கொள்வதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும், ஒருநாள் பெயர்ந்துவிடும். வீடு போய்ச் சேர அது உதவும், அதற்கு மேல் நம்பக்கூடாது. டேங்குக்கும் கோருக்கும் நடுவிலுள்ள மடிப்பில் கசிந்தால் கேஸ்கெட் மாற்றலாம் என்பார்கள். செய்யவும் முடியும். ஆனால் அலுமினியப் பற்களை நிமிர்த்தி மறுபடி மடக்கும்போது சில பற்கள் முறியும், மிச்சம் இருப்பதும் முன்புபோல் கவ்வாது. ரேடியேட்டர் புதியதாக இருந்து, மாற்றுக் கிடைக்காத மாடலாகவும் இருந்தால் பார்க்கலாம். மற்றபடி புதிதுதான்.

கல் தெறித்து ஒரே ஒரு டியூபில் ஓட்டை விழுந்தது என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். கோரின் மற்ற பகுதிகள் நன்றாக இருக்கின்றன, வயதும் குறைவு என்றால் அந்த டியூபின் இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டு ஓட்டலாம், நாற்பது ஐம்பது டியூபில் ஒன்று போனால் குடி மூழ்கிவிடாது. வெல்டிங் வேண்டாம். டியூபின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, டிக் வெல்டிங் டார்ச்சைக் காட்டினால் ஊசித்துளை கட்டைவிரல் துளை ஆகிவிடும். முழு அலுமினிய ரேடியேட்டரின் தடித்த டேங்கில் வெல்டிங் தாராளமாக நிற்கும், அது அந்த வகைக்கு உள்ள பெரிய பலம்.

கசிவை அடைக்கும் பவுடர், திரவம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஊற்றினால் ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். அதற்குக் கண்ணா இருக்கிறது? குறுகலான இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் படியும், ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர், அதில் முதல் பலி. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் கசிவு நின்றது உண்மை, அடுத்த குளிர்காலத்தில் ஹீட்டரில் சூடும் வரவில்லை. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் ஊற்றுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம்.

வாங்குவது என்றால் எதை?

கம்பெனி ஒரிஜினல், வெளிக் கம்பெனி தயாரிப்பு, பழைய வண்டியில் கழற்றியது என்று மூன்று வழி. கடைசியை முதலில் கழித்துவிடுகிறேன். பழைய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் எத்தனை வருஷம் வெந்திருக்கிறது, உள்ளே எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு எங்குமே கிடைக்காத மாடல் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்து வாங்கலாம்.

ஒரிஜினலுக்கும் வெளித் தயாரிப்புக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் பெட்டியில் மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் கார் கம்பெனிகளில் பெரும்பாலானவை ரேடியேட்டரைத் தாங்களே செய்வதில்லை. டென்சோ, வேலியோ, மாலே மாதிரி நிறுவனங்களிடம் வாங்குகின்றன. அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் ரேடியேட்டரை வெளியில் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெயரே போடாத பெட்டியில் வருவதுதான் சூதாட்டம். அதைக் கடையிலேயே ஓரளவு பிடித்துவிடலாம். பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வையுங்கள். கோரின் தடிமன் ஒன்றா? ஒரு விரல் அகலத்தில் ஃபின்களை எண்ணுங்கள், மலிவுச் சரக்கில் ஃபின்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள். மடிப்பு வரிசை சீராக இருக்கிறதா, மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ் உட்காரும் முளைகள் அதே இடத்தில் இருக்கின்றனவா, ஃபேன் கூண்டு மாட்டும் துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் கையில் தெரியும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. ஒரே மாடல் காரில் மேனுவல் கியருக்கும் ஆட்டோமேடிக்குக்கும் ரேடியேட்டர் வேறாக இருக்கலாம். பல ஆட்டோமேடிக் வண்டிகளில் டேங்குக்கு உள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் தனிக் குழாய் ஒன்று இருக்கும். அது உள்ளுக்குள் உடைந்தால் ஆயிலும் கூலண்டும் கலந்து, ரோஸ்மில்க் மாதிரி ஒரு கூழ் ரிசர்வ் டேங்கில் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது, கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகளுக்குத் தண்ணீர் விஷம். இந்த ஒரு காரணத்துக்காகவே, பழைய ஆட்டோமேடிக் வண்டியின் ரேடியேட்டரில் ஒட்டுவேலை பார்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரேடியேட்டரின் விலை என்ன, கியர்பாக்ஸின் விலை என்ன?

பெரிதாக, ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வரிசை டியூப் வைத்ததாகப் போட்டால் இன்னும் குளிருமா என்று கேட்பவர்கள் உண்டு. அவசியமில்லை. முன் வரிசையைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடுகிறது, பின் வரிசைகளுக்குக் கிடைப்பது வெந்நீர்க் குளியல்தான். கோர் தடிக்கத் தடிக்கக் காற்று நுழைவதும் சிரமம். அகலமான டியூப் வைத்த இரண்டு வரிசை, ஒடுக்கமான டியூப் வைத்த நான்கு வரிசையை ஜெயித்துவிடும். எஞ்சினில் கைவைக்காத வண்டிக்கு, அது எந்த அளவோடு பிறந்ததோ அதே அளவு போதும். முழு அலுமினியமும் அப்படித்தான்: மலையில் பாரம் இழுக்கிற, காட்டில் குதிக்கிற வண்டிக்கு அது சரி, அலுவலகம் போய்வரும் காருக்கு வீண் செலவு, போதாததற்குப் பல சமயம் அப்படியே பொருந்தாது, அரம் போட்டு ராவி உட்காரவைக்க வேண்டியிருக்கும்.

மாட்டுவது: நீங்களா, மெக்கானிக்கா?

ரேடியேட்டர் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான், நான்கு போல்ட், இரண்டு ஹோஸ், ஒரு ஃபேன் கூண்டு. முன் பம்பரையே கழற்றினால்தான் ரேடியேட்டர் வெளியே வரும் வண்டிகளில் நான் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். ஏசி வாயுவை வெளியேற்ற வேண்டிய அமைப்பு என்றாலும் அதேதான். மற்றவற்றில் சொந்தக் கையால் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது: அவசரமில்லாமல் செய்வீர்கள். அவசரத்தில் நடக்கும் தவறுகள்தான் புது ரேடியேட்டரைக் கொல்கின்றன.

பழைய கூலண்டைத் தரையில் விடாதீர்கள், பாத்திரத்தில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் காலி. பிறகு கழற்றும்போது, கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்க வேண்டாம், கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ரேடியேட்டரை மாற்றிவிட்டு ஊதிப்போன பழைய ஹோஸை மாட்டுவது புது வேட்டிக்குக் கிழிந்த துண்டு. கிளாம்ப் விஷயத்தில், பிளாஸ்டிக் கழுத்துக்கு ஸ்பிரிங் கிளாம்ப்தான் நல்லது. சூட்டில் விரியும்போதும் குளிரில் சுருங்கும்போதும் ஒரே பிடியில் இருக்கும். ஸ்குரூ கிளாம்பைப் போட்டு ஆவேசமாக முடுக்கினால் நைலான் கழுத்து நசுங்கி, அடுத்த விரிசலுக்கு நீங்களே நாள் குறித்துவிடுகிறீர்கள். ஆட்டோமேடிக் ஆயில் குழாயின் நட்டைத் திருப்பும்போது ரேடியேட்டர் பக்கத்து நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் குழாயும் சேர்ந்து திரும்பிவிடும். கீழே உள்ள பிளாஸ்டிக் வடிகால் திருகுக்கு விரல் பலம் போதும்.

ரேடியேட்டர் ரப்பர் புஷ்களின் மேல் மிதக்க வேண்டும், உடம்போடு இறுக்கிக் கட்டக்கூடாது. பழைய புஷ் கட்டையாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தின் ஒவ்வொரு அதிர்வும் நேராக டேங்கில் இறங்கும். ஃபேன் கூண்டை "எதற்கு இந்த பிளாஸ்டிக்" என்று விட்டுவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மற்ற மூலைகள் சும்மா இருக்கும்.

அலுமினியக் கோர் ஒன்றிரண்டு வருஷத்தில் ஊசித்துளைகளாகப் போய், மாற்றியதும் அதே மாதிரி போனால் குற்றவாளி பெரும்பாலும் மின்சாரம். எர்த் வயர் சரியில்லாத ஏதோ ஒரு கருவி, கூலண்ட் வழியாகத் திரும்பிப் போக வழி தேடுகிறது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைக் கூலண்டில் மட்டும் படும்படி, உலோகத்தைத் தொடாமல் நனையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் கவலை வேண்டாம். 0.3-ஐத் தாண்டினால் ஃபேன், லைட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, எதில் எண் குதிக்கிறது என்று தேடுங்கள். இதைச் செய்யாமல் மூன்றாவது ரேடியேட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கூலண்டில் நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றின் சிவப்பாக இருக்கும். வண்டியின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள், இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். பழைய செம்பு-பித்தளைக்கு மட்டும் சிலிக்கேட் உள்ள பழைய வகைக் கூலண்ட் பத்திரம், புதிய ஆர்கானிக் வகைகளில் சில ஈயப் பற்றை அரிக்கும். கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் பாதிக்குப் பாதி தண்ணீர், அதுவும் கனிமம் நீக்கிய தண்ணீர். குழாய்த் தண்ணீரின் உப்பு டியூபுக்குள் படிந்து புதுக் கோரையும் பழையதாக்கிவிடும்.

நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள், காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதையும் திறங்கள், வண்டியின் மூக்கு கொஞ்சம் மேட்டில் இருந்தால் காற்று தானாக மேலே வரும். நிதானமாக ஊற்றி, மேல் ஹோஸை அவ்வப்போது கையால் பிசைந்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், பயப்பட வேண்டாம், மறுபடி நிரப்பினால் போதும். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகு எஞ்சினை அணைத்து, முழுதாகக் குளிர்ந்த மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இறங்குவது உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதால்தான். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் டெஸ்டரை மறுபடி மாட்ட வேண்டும்.

பழைய ரேடியேட்டரையும் அந்த ஒரு வாரம் மூலையில் வைத்திருங்கள். டெம்பரேச்சர் சென்சர், கீழ் ரப்பர் புஷ், ஓரத்துக் கிளிப் என்று ஏதாவது ஒன்று அதிலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கும், நான் ஒருமுறை பழைய இரும்புக் கடைக் குவியலுக்குள் பாதி நாள் தேடியது அரை விரல் நீள ரப்பர் ஒன்றுக்காக.